கருடனைச் சுற்றி ஆடிய கும்மி

மகன் என்னை லங்காவிக்கு அழைத்துப்போனபோது, தங்கிய இடத்தில் வழவழப்பான ஒரு தாளைக் கொடுத்தார்கள். தீவின் வனவிலங்குகளும் உள்ளூர்க் கலாசாரமும், ஒரே நாளில், மதியச் சாப்பாட்டோடு என்று மருமகள் படித்துக்காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். நானும் ஒரு காலத்தில் உள்ளூர்க் கலாசாரமாக இருந்தவள்தான் என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்கு என்ன புரியும்?

எனக்கு அப்போது எட்டு வயது. வெள்ளைக்காரத் துரைகளின் காலம். சுங்கை பட்டாணிக்குத் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். அப்பா நல்லவர், ஆனால் கோபம் வந்தால் கண் தெரியாது. கூலிகளை மேய்த்த கங்காணி ஒருநாள், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் அம்மாவை ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டான். அன்று சாயங்காலம் அப்பா பால்வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு கங்காணி வீட்டு வாசல் வரைக்கும் போய்விட்டார். அம்மா அவர் காலைக் கட்டிக்கொண்டு மண்ணில் இழுபட்டபடியே போய், எப்படியோ திருப்பிக் கூட்டிவந்தாள். அவள் முழங்காலில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.

அந்த அம்மாவுக்கு நல்ல குரல். திருவிழா வந்தால் கும்மிக்கு அவள்தான் முதல் பாட்டுக்காரி. அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்ற பெண்களுக்கு வாய் திறக்கும். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, அவளுக்குப் பக்கத்தில் நின்று ஆடுவாள். தங்கை குரலில் பாதி தனக்கு வந்திருக்கக் கூடாதா என்று பெரியம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பு மட்டும்தான் சிரிப்பாக இருக்கும்.

தம்பிக்கு மூன்று வயது. அவனுக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது நான்கு கட்டில் போட்ட ஒரு கொட்டகை. அதில் டாக்டர் கிடையாது, மருந்து கட்டுகிற டிரஸர் ஒருவர் இருந்தார். எல்லா நோய்க்கும் மலேரியாவுக்கான கொய்னா மருந்துதான் கொடுப்பார். நான்காம் நாள் தம்பிக்கு வலிப்பு வந்ததும் அவருக்கே பயம் பிடித்துக்கொண்டது. டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், ஆபீசில் சீட்டு வாங்கிக்கொண்டு வா, லாரியில் அனுப்புகிறேன் என்றார்.

எங்கள் தோட்டத்தில் சீட்டு இல்லாமல் எதுவும் அசையாது. பக்கத்துத் தோட்டத்தில் சாவுக்குப் போகவும் சீட்டு வேண்டும், சாகாமல் இருக்க ஆஸ்பத்திரிக்குப் போகவும் சீட்டு வேண்டும். ஆனால் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, உட்கார்ந்திருக்கும் ஆபீஸ் படியில் கூலிக்காரர்கள் நேராக ஏறுகிற வழக்கம் இல்லை. கங்காணியிடம் சொல்ல வேண்டும், கங்காணி போய்ப் பேசுவான். அதனால் அம்மா கங்காணியிடம் போனாள். நானும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

கங்காணி அன்று வேறு கவலையில் இருந்தான். துரையின் விருந்தாளிகள் சீமையிலிருந்து வந்திருந்தார்கள். துரை அவர்களை அழைத்துக்கொண்டு முதல் நாளே யான் என்ற ஊரின் கரைக்கு எதிரில் இருக்கும் ஒரு தீவுக்குப் போயிருந்தார். அங்கே பறவை, மிருகம் எல்லாம் பார்த்துவிட்டு, மறுநாள் நம் ஜனங்களின் ஆட்டமும் பார்க்கப் போகிறார்கள். எட்டுப் பெண்களையும் இரண்டு மேளக்காரர்களையும் கொண்டுவந்து சேர்ப்பது கங்காணியின் பொறுப்பு. பாட்டுக்காரி பிள்ளைக்கு நோய் என்று வந்து நின்றால் அவன் என்ன செய்வான்?

"துரைதான் கையெழுத்துப் போடணும். துரை தீவுல இருக்காரு. நீ வந்து பாடு. ஆடி முடிஞ்ச கையோட நானே வாங்கித் தரேன்" என்றான்.

"புள்ள கெடக்கற கெடையில நான் எப்படிங்க கும்மியடிப்பேன்? நீங்களே சீட்டக் கொண்டுபோய் வாங்கியாங்க, கங்காணியாரே. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"பாட்டு இல்லன்னா துரைக்குக் கோவம் வரும். கோவத்துல கையெழுத்துப் போடுவாரா? நீயே யோசிச்சுக்க."

அம்மா யோசித்தாள். அப்பாவைத் தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மறுநாள் காலையில் மஞ்சள் பூசிக் குளித்து, கனகாம்பரம் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினாள். எனக்கும் தலை சீவிப் பூ வைத்துவிட்டாள். தீவைப் பார்க்கப் போகிறேன் என்ற குஷியில் நான் தம்பியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தஞ்சோங் டாவாய் படகுத்துறையில் மோட்டார் படகில் ஏறினோம். கங்காணி எழுதி வைத்திருந்த சீட்டு அவன் சட்டைப் பையில் இருந்தது. அதன் வெள்ளை நுனி வெளியே தெரிந்தது. மற்ற பெண்கள் கடலைப் பார்த்து வாந்தி எடுத்தார்கள். அம்மா அந்தச் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு வந்தாள். துரைமார் முன்னால் மூக்கைச் சிந்தக் கூடாது, தலையைச் சொறியக் கூடாது, கேட்டால் ஒழிய வாயைத் திறக்கக் கூடாது என்று கங்காணி வழியெல்லாம் பாடம் நடத்தினான்.

தீவில் வெள்ளை மணல். துணிக் கூடாரம் போட்டு, நாற்காலி மேசை போட்டு, துரையும் துரைசானியும் விருந்தாளிகள் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு விருந்தாளியின் மடியில் துப்பாக்கி இருந்தது. நாங்கள் போனபோது தேங்காய் பறிக்கும் குரங்கு மரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மலாய்க்காரர் கீழிருந்து கயிற்றை ஆட்ட, அது காயைத் திருகித் திருகிப் போட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு இரண்டு மலாய்ப் பையன்கள் சிலாட் சண்டை ஆடிக் காட்டினார்கள். அடுத்து கழுகுகள். அதற்கு அடுத்து நாங்கள். குரங்கிலிருந்து எண்ணினால் நான்காவது.

கழுகு என்று அவர்கள் சொன்னதை நாங்கள் கருடன் என்போம். வெள்ளைக் கழுத்து, செம்பட்டை இறக்கை. கருடனைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத தமிழ்ப் பெண் அந்தக் காலத்தில் கிடையாது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தகரக் கூரை மாற்றிக் குடமுழுக்கு செய்தபோது, கருடன் வரட்டும் என்று வெயிலில் காத்துக் கிடந்தார்கள். கடைசியில் ஒரே ஒரு கருடன், அதுவும் ரொம்ப உயரத்தில், போகிற போக்கில் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனது. அதைச் சொல்லிச் சொல்லி மூன்று வருஷம் மெய்சிலிர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்ட எங்கள் தலைக்கு மேல் அன்று முப்பது நாற்பது கருடன்கள் வந்தன. எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை. சத்தம் போட்டுக்கொண்டு தாழத் தாழச் சுற்றின. இறக்கைக் காற்று முகத்தில் பட்டது. பெரியம்மா மணலில் விழுந்து கும்பிட்டாள். எல்லோரும் விழுந்தார்கள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே ஓவென்று அழுதாள். எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, தம்பி பிழைத்துக்கொண்டான். நாற்பது கருடன் வந்து சொல்லிவிட்ட பிறகு துரை கையெழுத்து எதற்கு?

வெள்ளைக்காரர்களுக்குக் கருடனை விட எங்களைப் பார்க்கத்தான் அதிசயமாக இருந்தது. ஒரு துரைசானி படப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். எடுப்பதற்குள் நாங்கள் எழுந்துவிட்டோம் போல. துரை ஏதோ சொல்ல, கங்காணி எங்களிடம் ஓடி வந்தான். "இன்னொரு வாட்டி கும்புடுங்க. படம் புடிக்கிறாங்க."

கருடன்கள் கலைந்து போயிருந்தன. சாமி போன பிறகு எப்படிக் கும்பிடுவது என்று பெண்கள் முழித்தார்கள். அப்போது படகுக்காரர் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்குப் போனார். அதற்குள் கையை விட்டு எதையோ அள்ளிக் கடலில் எறிந்தார். கருடன்கள் திரும்ப வந்தன. பெண்கள் திரும்ப விழுந்து கும்பிட்டார்கள். முதல் முறையை விட அதிக பக்தியோடு கும்பிட்டார்கள்.

அம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். பிறகு மெல்ல நடந்து அந்த வாளியிடம் போனாள். நானும் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். கோழிக் குடலும் தோலும் இருந்தன. அம்மா தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் படகுக்காரரிடம் என்னவோ கேட்டாள். அவர் வானத்தைக் காட்டி, வயிற்றைத் தடவி, "லாப்பார்" என்றார். பசி என்று அர்த்தம். எனக்கு அப்போது மலாய் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. வாளியை நானும்தான் பார்த்தேன், குடலையும் பார்த்தேன், மேலே பறந்தது என்னவோ எனக்குச் சாமியாகவே இருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே கங்காணியிடம் போனாள்.

"இப்ப வாங்கித் தாங்களேன். நேரமாவுது."

"கும்மி முடியட்டும்னு சொன்னேன்ல?"

கும்மி தொடங்கியது. அம்மா பாட, எட்டுப் பேரும் வட்டமாகக் கை தட்டிக் குனிந்து நிமிர்ந்து வந்தார்கள். இரண்டாவது பாட்டில் துப்பாக்கி வெடித்தது. மடியில் துப்பாக்கி வைத்திருந்தவர் எழுந்து நின்று சுட்டிருந்தார். பாடம் செய்து வீட்டில் வைக்க ஒரு கருடன் வேண்டுமாம், அதைப் பிறகுதான் சொன்னார்கள். அது சுழன்று வந்து கும்மி வட்டத்துக்கு நடுவில் விழுந்தது. உடனே சாகவில்லை. ஒரு இறக்கையால் மணலை அடித்து அடித்துச் சுற்றியது. அதன் கண் மஞ்சளா கறுப்பா என்று இப்போது நினைவில்லை. என்னைப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

பாட்டு நின்றது. பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் பின்னால் பின்னால் நகர்ந்து படகுப் பக்கம் போனார்கள். மேளக்காரர்கள் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள். துரையின் முகம் சிவந்தது. கங்காணி ஓடி வந்து கத்தினான், கெஞ்சினான், வேலையிலிருந்து பேர் வெட்டிவிடுவேன் என்றான். ஒருத்தியும் அசையவில்லை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. வாயில்லாத ஜனங்கள் தங்கள் ஆயுசில் ஒருமுறை துரையை எதிர்த்து நின்றார்கள் என்றால் அது அன்றைக்குத்தான்.

அம்மா கங்காணியின் சட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு பாட ஆரம்பித்தாள்.

கும்மி ஒருத்தி ஆடுவதில்லை. ஒருத்தி ஆடினால் அதற்குப் பேரே கிடையாது. அம்மா ஆடினாள். மேளமில்லாமல், எதிர்ப்பாட்டில்லாமல், தன் கையைத் தானே தட்டிக்கொண்டு, துடித்துக்கொண்டிருந்த அந்தப் பறவையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குரல் உடையவில்லை. அவளே ஒரு அடி பாடி, எதிர் அடியையும் அவளே பாடினாள். மூன்றாவது சுற்றில் பறவை அடங்கிவிட்டது. நான் வெட்கத்தில் பெரியம்மா முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். அது என் அம்மா இல்லை என்று வேண்டிக்கொண்டேன். முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். குரங்குக்கு அவ்வளவு தட்டவில்லை.

துரை சந்தோஷமாகிவிட்டார். கங்காணி நீட்டிய சீட்டைப் படிக்காமலே, மேசையில் இருந்த பிஸ்கட் டின்னின் மூடி மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று கங்காணி சொன்னதும் த்சொ த்சொ என்று அந்த டின்னையும் தூக்கிக் கொடுத்தார். அவரை ராட்சசன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவருக்கு எங்கள் விஷயம் எதுவுமே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு வந்ததில்லை.

உடனே கிளம்பலாம் என்று அம்மா படகில் ஏறி உட்கார்ந்தாள். படகு கிளம்பவில்லை. விருந்தாளிகள் தேநீர் குடிக்க வேண்டும், சாமான்களைக் கட்ட வேண்டும். செத்த கருடனைச் சாக்கில் சுற்றி எங்கள் காலடியில்தான் வைத்தார்கள். பெண்கள் எல்லோரும் அம்மாவை விட்டு ஒதுங்கிப் படகின் மறுபக்கம் உட்கார்ந்தார்கள். சீட்டை ரவிக்கைக்குள் வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அம்மா கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பசித்தது. டின் என் மடியில் இருந்தது. ஒன்று எடுத்தேன். பிறகு இன்னொன்று. வெண்ணெய் பிஸ்கட், அதற்கு முன் நான் தின்றதே இல்லை. கரை சேர்வதற்குள் டின் காலி. தம்பிக்கென்று கொடுத்ததை நான் தின்றுவிட்டேன். அம்மா பார்த்தாளா என்றுகூடத் தெரியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் தோட்டத்துக்கு வந்தோம். அம்மா லாரியிலிருந்து குதித்து ஆஸ்பத்திரிக் கொட்டகைக்கு ஓடினாள். நான் டின்னோடு பின்னால் ஓடினேன். தம்பிக்கு மூச்சு இருந்தது, நினைவில்லை. அப்பா அவனைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு லாரிக்குப் போனார். அம்மா சீட்டை டிரஸரிடம் நீட்டினாள். அவர் விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கா தீவு வரைக்கும் போன? பெரிய கிராணி கையெழுத்தே போதுமேம்மா. அவரு ரெண்டு நாளா ஆபீஸ்லதான இருக்காரு. கங்காணிக்கு நல்லாத் தெரியுமே?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே அப்பா சீக்கிரம் வரச்சொல்லிக் கத்தினார். அம்மா டிரஸரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா, இத அவருகிட்ட சொல்லிடாதீங்க." பிறகு குனிந்து என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். வளையல் உடைந்து கையில் குத்தியது. "நீயும் அப்பாகிட்ட சொல்லக் கூடாது. சாமி சத்தியமா சொல்லக் கூடாது."

பிஸ்கட்டைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, நான் காலி டின்னை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

தம்பி மறுநாள் விடியற்காலையில் பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனான். முந்தின நாள் மத்தியானம் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்து, எங்கள் லயத்து வீட்டு வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் கதை தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. பெரியம்மாதான் பேச்சை எடுத்தாள். வந்த தெய்வத்தைக் காலடியில் போட்டு ஆடினால் வீடு விளங்குமா என்றாள். ஒருத்தி என்னைக் கூப்பிட்டு, நீ பார்த்தாயா என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்படி ஒரு கூட்டம் என் பேச்சுக்குக் காத்திருந்தது அதற்கு முன் நடந்ததில்லை.

"பார்த்தேன். யாருமே ஆடல, அம்மா மட்டுந்தான் ஆடுச்சு. நான் வேணாம் வேணாம்னு சொன்னேன். கேக்கல. அதான் தம்பி செத்துட்டான்" என்றேன்.

நான் வேணாம் என்று சொல்லவே இல்லை. அது சுத்தப் பொய். அம்மா கதவுக்குள் பால் சொம்போடு நின்றிருந்தாள். அப்பா வாசப்படியில் இருந்தார். அவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொம்பைக் கழுவப் போனாள்.

அப்பா அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவள் கையால் சோறு வாங்கிச் சாப்பிடவில்லை. அம்மா பாடுவதை விட்டுவிட்டாள். திருவிழாவில் பெரியம்மா பாட்டெடுத்தாள், சுமாராக. கங்காணி இன்னும் பல வருஷம் கங்காணியாகவே இருந்து, படுக்கையில் நோய் வந்து செத்தான். அப்பா அவன் சாவுக்குப் போய்த் தோள் கொடுத்தார். அன்று அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான், அதுவும் என் பிள்ளைக்கு ஒருமுறை காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான், டிரஸர் சொன்ன வார்த்தை முழுசாகத் திரும்ப வந்தது.

மருமகள் வரச்சொல்லிக் கேட்டாளே என்று லங்காவிப் படகில் நானும் ஏறினேன். படகோட்டி வாளியைத் தூக்கினான். கருடன்கள் வந்தன. எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் என் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். வளையல் குத்திய இடத்தில் ஒரு சின்ன வடு இருக்கிறது.

கிராணியின் கையெழுத்தைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்திருந்தால், கத்தியோடு கங்காணி வீட்டுக்கு அவர் இரண்டாம் முறை போயிருப்பார். அந்த முறை யார் காலைப் பிடித்தாலும் திரும்பியிருக்க மாட்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவள், புருஷனையாவது தூக்குக் கயிற்றுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். அதற்காகத்தான் நான் சொன்ன பழியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

நானும் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அப்பா சாகும்வரைக்கும் அவரிடம் அந்தப் பிஸ்கட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.